இரவல் தீனக்காரி

செல்வி வீட்டுப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை.

நெற்றி முழுக்கத் தைலம். அது வழிந்து கண்ணோரம் வந்து எரிந்தது. துடைக்கக் கூடாது. தீனக்காரி கையை அசைக்க மாட்டாள். தீனம் என்றால் எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் நோய். திருவனந்தபுரத்து மலையாளத்திலும் அதே சொல்தான். அதனால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெளியே நசநசவென்று மழை. வாசலில் குடை மடக்கிய சத்தம் கேட்டது. செல்வி ஓடி வந்து போர்வையை இழுத்துவிட்டாள். அது குட்டைப் போர்வை. தலையை மூடினால் கால் வெளியே வரும், காலை மூடினால் தலை வெளியே வரும்.

"எக்கா, காலை மடக்கு. குதிங்காலைப் பாத்தா தீனக்காரி காலு மாதிரியா இருக்கு? வயல்ல நிக்கப்பட்ட காலு!" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் குரலை இறக்கிக்கொண்டாள். "வாங்க சாரே..."

வந்தவர் ரெக்கவரி சார். கடன் வசூலுக்கு வருகிற சர்க்கார் ஆள். செருப்பில் சேறு என்பதால் அவர் ஒரு வீட்டுக்குள்ளும் ஏற மாட்டார். வாசலில் நின்றே பேசுவார், பாதி மலையாளம், பாதி தமிழ்.

"ஆராணு கிடக்குன்னது?"

"மாமியாராக்கும் சாரே."

"இப்பவும் பேதமாயில்லே?" பேதமாவது என்றால் குணமாவது.

"எங்க சாரே! கஞ்சித் தண்ணிகூட எறங்க மாட்டேங்குது."

அன்று காலையில் அவள் வீட்டில்தான் புட்டும் பயறும் தின்றிருந்தேன். புட்டு நெஞ்சில் நின்றது.

சார் பெருமூச்சு விட்டார். காகிதம் மடிக்கிற சத்தம் கேட்டது. "செரி, பின்னே வராம்" என்றார். செல்விக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைத்துவிட்டது. போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அடுத்த வீட்டு தங்கம்மா எவிடே? எப்ப வந்தாலும் பூட்டிக் கிடக்குது."

"அவ ஊருக்குப் போயிட்டா சாரே. மார்த்தாண்டத்துல மவ வீட்டுக்கு."

"வர்ற வியாழாழ்ச்ச அதாலத்து. அவங்க நேரில் வந்து பறையணும். வந்தா பலிச குறைக்கும். வராட்டி வீடு பூட்டி சீல் வைக்கும், பின்னே லேலம். பறஞ்ஞேக்கணும், கேட்டோ?"

அதாலத்து என்றால் கடனைப் பேசித் தீர்க்கிற கோர்ட்டு. பலிச என்றால் வட்டி. லேலம் என்றால் ஏலம். எங்கள் காலனியில் இந்த இரண்டு மலையாளச் சொல்லும் தெரியாத குழந்தை கிடையாது.

தங்கம்மா நான்தான். சாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்தேன். எழுந்து "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னால் செல்வியின் வீடு போகும். சொல்லாமல் கிடந்தால் என் வீடு போகும். சுவரில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிண்டில் வரைக்கும் வீடு

கிள்ளியாறு பெருகி வந்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த ஆற்றங்கரையில்தான் எங்கள் காலனி. கூலிவேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்களும், எங்களைப் போலவே கையில் ஒன்றும் இல்லாத மலையாளிகளும் கலந்து குடியிருந்தோம்.

குடிசைகளை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளச் சர்க்கார் பணம் கொடுக்கிறது என்று ஒரு வருஷம் பேச்சு வந்தது. கொஞ்சம் சும்மா, மிச்சம் பாங்கு வழியாகக் கடன். நிலத்துப் பட்டயத்தை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடன் தீர்ந்ததும் திரும்பத் தருவார்கள். என் வீட்டுக்காரர் அப்போது இருந்தார். தம்பானூரில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். மனுஷருக்கு ஒரே சந்தோஷம். "தங்கம், நமக்கும் ஒரு கதவு" என்றார். வீடு என்று சொல்லவில்லை, கதவு என்றார். குடிசைக்கு அதுவரை சாக்குப் படுதாதான்.

பணத்தை மொத்தமாகத் தர மாட்டார்கள். அஸ்திவாரம் போட்டால் ஒரு பங்கு. சுவர் லிண்டில் மட்டத்துக்கு, அதாவது கதவு நிலைக்கு மேலே வந்தால் ஒரு பங்கு. மேலே காங்கிரீட் வார்த்த பிறகு கடைசிப் பங்கு. ஓவர்சியர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனால்தான் அடுத்த பங்கு வரும்.

ஆற்றங்கரை மண் எங்களுக்குத் தெரியும். ஓவர்சியருக்கும் தெரியும். இந்தப் பணத்துக்குக் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எங்கோ மேட்டுநிலத்தில் கட்டுகிற வீட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். இங்கே தோண்டத் தோண்டச் சேறு. கல்லைப் போட்டால் மறுநாள் கல்லைக் காணோம். முதல் பங்கும் தீர்ந்தது, என் கம்மலும் தீர்ந்தது, அதன் பிறகுதான் அஸ்திவாரம் மண்ணுக்கு மேலே தலையைக் காட்டியது.

லிண்டில் வந்ததும் எல்லோர் கையும் காலி. மேலே வார்த்தால்தான் கடைசிப் பங்கு வரும், கடைசிப் பங்கு வந்தால்தான் மேலே வார்க்க முடியும். காலனி முழுக்கத் தலை இல்லாத வீடுகள். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் போட்டுக் குடியேறினோம். ஷீட்டு காங்கிரீட் இல்லை என்று சொல்லிக் கடைசிப் பங்கு யாருக்கும் வரவில்லை. வட்டி மட்டும் ஒழுங்காக வந்தது.

அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டிய வருஷமே என் வீட்டுக்காரர் போய்விட்டார். அதைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன், திரும்ப எழுதத் தெம்பில்லை.

கிடப்பு

மாசத் தவணை யாராலும் ஒழுங்காகக் கட்ட முடியவில்லை. ஆண்கள் கட்டட வேலை. வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை பிடித்தால் வேலை நிற்கும், ஐப்பசியில் துலாமழைக்கு இன்னொரு முறை நிற்கும். எனக்கும் அதே கதிதான். வலியசாலை அக்கிரகாரத்தில் ஒரு மாமி வடாமும் அப்பளமும் போட்டு விற்பார்கள். அவர்கள் மொட்டைமாடியில் பிழிந்து காயவைப்பது என் வேலை. வெயில் இருந்தால் கூலி.

முதலில் ஆள் வருகிறார் என்று தெரிந்தால் வெளியே பூட்டிவிட்டு உள்ளே இருப்போம். அடுத்த வீட்டுக்காரர் வந்து பூட்டுவார், ஆள் போனதும் திறப்பார். குழந்தை இருமினால் வாயைப் பொத்துவோம்.

பிறகு ஒருநாள் கடைசி வீட்டில் பக்கவாதம் வந்த கிழவர் ஒருவர் கிடந்தார். ரெக்கவரி சார் வந்து பார்த்தார். "கிடப்பு ரோகி உள்ள வீடு பூட்டான் பற்றில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான், காலனியில் அது சட்டமாகிவிட்டது. தீனக்காரர் கிடக்கிற வீட்டைப் பூட்ட முடியாது. அப்படி ஒரு சட்டம் உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் கிழவர் செத்துப்போனார். காலனிக்குத் தீனக்காரர் இல்லாமல் போனது.

செல்விதான் யோசனை சொன்னாள். அவள் காங்கிரீட் வேலைக்காரர் ஒருவரின் மனைவி, என் அடுத்த வீடு, எந்தக் கூட்டத்திலும் அவள் குரல்தான் முதலில் கேட்கும். "நம்ம தங்கக்கா இருக்காள்லா? தலை நரைச்சாச்சு. வாயில கோலை விட்டுக் கெளறுனாலும் ஒரு வார்த்த வராது. கெடக்கதுக்கு இவள விட்டா ஆளு உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அப்படித்தான் வீட்டுக்கு வீடு கிடப்புக்குப் போனேன். ஒரு வீட்டில் அம்மா, ஒரு வீட்டில் மாமியார், ஒரு வீட்டில் கல்யாணமாகாத அத்தை. கூலி கிடையாது. சார் போன பிறகு ஒரு சாயா. செல்வியின் அண்ணன் போனக்காட்டு எஸ்டேட்டில் இருந்தான், அவன் கொண்டுவந்து கொடுக்கும் தேயிலை. அந்தச் சாயாவுக்காகவே கிடக்கலாம் போலிருக்கும்.

தைல வாசனை மட்டும் போகாது. ஒருநாள் மாமி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார்கள். "ஏண்டி தங்கம், வடாம்ல யூகலிப்டஸ் வாடை அடிக்கறதே! ஆத்துல யாருக்கு உடம்பு?"

"யாருக்கும் இல்ல மாமி."

"அப்போ எதுக்குடி பூசிண்டு வரே? தள்ளி நின்னு பிழி."

சனிக்கிழமை டீச்சர்

உஷா டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. கண்ணாடி போட்டு, தோளில் பை மாட்டி வருகிற பெண்களை நாங்கள் டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஊருக்குள் இருந்த ஒரு சேவா சங்கம் அவளை அனுப்பியிருந்தது. வீட்டுக்கடன் முடங்கியவர்களிடம் பேச வேண்டும், பாங்கிடமும் பேச வேண்டும், வீடு ஏலத்துக்குப் போகாமல் பார்க்க வேண்டும். அதுதான் அவள் வேலை. சனிக்கிழமை மத்தியானம் அங்கன்வாடியில் குழந்தைகள் உட்கார்கிற குட்டி நாற்காலியில் வந்து உட்கார்வாள்.

முதல் சனிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. "கடன் அடைக்க என்றெ கையில் பைசா இல்ல. பேசான் மாத்திரம்தான் அறியும்" என்றாள். அரைமணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. நான் மட்டும் இருந்தேன். நல்ல மழை, என்னிடம் குடை இல்லை.

அவளும் களைத்துப்போய்த்தான் இருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீவிக்கொண்டாள். எவ்வளவு பாக்கி என்று அவள் என்னைக் கேட்கவில்லை. "எந்தெந்த மாசத்துல அடுப்பு சரியா எரியாது அம்மா?" என்று கேட்டாள். அவளுடைய தமிழ் தட்டித் தடுமாறி வரும், ஆனாலும் வரும். நான் மழையைக் காட்டினேன். எழுதிக்கொண்டாள்.

பிறகு ஒரு மாலை செல்வியைத் தேடி வந்தவள், நான் பாயில் கிடப்பதைப் பார்த்துவிட்டாள். குனிந்து மெதுவாகச் சொன்னாள். "தங்கம்மா, எழுந்திருங்க. நான்தான். சார் இல்ல."

அன்று செல்விக்கும் அவளுக்கும் வாக்குவாதம்.

"நிங்ஙள் ஒளிச்சிருந்தாலும் பலிச ஒளிச்சிருக்கில்லல்லோ! அது ராத்திரியும் பகலும் நடந்நோண்டிருக்கும்."

"நீங்க நல்லா பேசுகீங்க டீச்சர். அங்க போய் நின்னா கையெழுத்து வாங்கிட்டு வீட்டையும் எடுத்துருவான். இங்க எங்க மாமியாரு கெடந்தா ஒரு மாசம் ஓடிரும்லா?"

"அது கழிஞ்ஞிட்டோ?"

"அது கழிஞ்சா அக்காவுக்கு வேற தீனம்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். "இவிடெ வந்தா நிங்ஙள் சண்ட போடும். பாங்குல போனா மேனேஜர் சண்ட போடும். எனக்கு வீட்டில் போயி சண்ட போட சக்தியே இல்ல" என்றாள்.

சுவரிடம் பேசியது

அதாலத்து நாளைச் சொல்லிவிட்டுச் சார் குடை விரித்துப் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் போர்வையை விலக்கினேன். செல்வி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சத்தம் போடாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"எக்கா, அங்க அந்த சாரும் இருப்பாரு. ஒன்ன பாத்தா கண்டுபிடிச்சிருவாரு. செல்விக்க மாமியாரு எந்திரிச்சு அதாலத்துக்கு வந்துட்டாளான்னு கேப்பாரு. எங்க வீடெல்லாம் பின்ன என்ன ஆவும்?"

நான் போர்வையை மடிக்கத் தொடங்கினேன். போகாவிட்டால் என் வீடு என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும். மடித்து வைப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வேணும்னா நான் ஒன் வீட்டுல கெடக்கட்டா?"

அவள் குண்டு உடம்பையும் அவள் வாயையும் நினைத்தேன். சார் ஏதாவது கேட்டால் போர்வைக்குள்ளிருந்து இவளே பதில் சொல்லிவிடுவாள். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சாயா போட்டுத் தந்தாள். குடித்தேன்.

மறுநாள் வடாம் வேலை இல்லை. உஷா டீச்சரைத் தேடி அவள் சங்கத்துக்கு நானே நடந்து போனேன். வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடும்வரை நின்றேன்.

"போகணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை அங்கன்வாடியில் வைத்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வீடு வேண்டும். மாசம் இவ்வளவு கட்ட முடியும். மழை மாசத்தில் பாதிதான் முடியும். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் போனால் எல்லாம் மறந்துபோயிற்று. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் கடைசியில் என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

"சுவரு நோக்கிக் கிடக்க அறியுமல்லோ? சுவரு நோக்கித்தன்னெ பறையுங்க."

சுவரைப் பார்த்துச் சொன்னேன். வந்தது. அந்தச் சுவரில் ஒரு யானையும் ஒரு மயிலும் வரைந்திருந்தது. யானையைப் பார்த்துச் சொல்வது இன்னும் எளிதாக இருந்தது.

உள்ளேன் ஐயா

அதாலத்து ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் நடந்தது. வியாழக்கிழமை, ஆனால் பள்ளி விடுமுறை. பிள்ளைகளின் பெஞ்சில் கிழவன்களும் கிழவிகளும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். சுண்ணாம்புக்கட்டி வாசனை அடித்தது.

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். படித்தேன் என்று சொல்வதைவிட உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். வாத்தியார் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். எனக்கு வராது. முன் பெஞ்சில்தான் இருப்பேன். பேர் வரும், வாய் திறக்கும், சத்தம் வராது. வாத்தியார் தலை நிமிராதவர். அடுத்த பேருக்குப் போய்விடுவார். வருஷ முடிவில் என் அப்பாவைக் கூப்பிட்டு, "உம்ம மவ பள்ளிக்கூடத்துக்கே வரலியே" என்றார். ஒருநாள் தவறாமல் போனவள் நான். அப்பா அடித்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மேடையில் மேசை போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஜட்ஜி. பக்கத்தில் பாங்கு மேனேஜர். ஓரத்தில் ரெக்கவரி சார். குடையை நாற்காலியில் மாட்டியிருந்தார்.

"தங்கம்மா!"

டீச்சர் என் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். எழுந்து போனேன். செருப்பை வெளியே விட்டிருந்தேன். மேசைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எதிரே சுவர் இல்லை. நாலைந்து முகம்.

"ஆளு ஹாஜருண்டோ?" என்று ஜட்ஜி கேட்டார். முன்னால் நிற்கிறேன், என்றாலும் கேட்டார். அது வழக்கம் போலிருக்கிறது.

என் வாய் திறந்தது. பழையபடிதான்.

ரெக்கவரி சார் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெடித்த குதிங்கால். செல்வி வீட்டிலும் மற்ற வீடுகளிலும் குட்டைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால். மெதுவாகத் தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்தார். என் வீடு மட்டுமல்ல, எல்லா வீடும் இப்போது போகப்போகிறது என்று நினைத்தேன்.

"அறியும் சார், இந்த அம்மயெ எனக்கறியும்" என்றார் ஜட்ஜியிடம். பிறகு என்னிடம், வாசலில் நின்று கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"அம்மே, பேதமாயோ?"

கூடத்தில் வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை, சுகம் விசாரிக்கிற பேச்சு. நான் பொய் சொல்லவும் வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்கவும் வேண்டாம் என்பதுபோல் ஒரு வழியை விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"பேதமாவல சார்" என்றேன். "எந்திரிச்சு வந்தேன்."

என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒன்று வந்ததும் மிச்சமும் வந்தது. ஆனால் வரிசை மாறிவிட்டது. வீடு வேண்டும் என்று தொடங்காமல், "மழைல பாதிதான் முடியும்" என்று தொடங்கிவிட்டேன்.

ஜட்ஜிக்குப் புரியவில்லை. "மழையும் லோனும் தம்மில் எந்து பந்தம்?"

"வடாம் காயாது சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். ஜட்ஜியும் சிரித்தார். டீச்சர் பின்னாலிருந்து ஓடி வந்து தன் காகிதத்தைக் காட்டி, எந்த மாசம் வேலை உண்டு, எந்த மாசம் இல்லை, அஸ்திவாரத்தில் எவ்வளவு போனது, கடைசிப் பங்கு ஏன் வரவில்லை என்றெல்லாம் மளமளவென்று சொன்னாள். மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு, முடியாது முடியாது என்றார். பிறகு பேசினார்கள். என் தலைக்கு மேலேயே வெகுநேரம் பேசினார்கள்.

வட்டியில் கொஞ்சம் குறைத்தார்கள். முழுக்க இல்லை. மழை மாசங்களில் பாதி, வெயில் மாசங்களில் கூடுதல் என்று எழுதினார்கள். சீல் வைப்பது நின்றது. கையெழுத்துப் போடும்போது ரெக்கவரி சார்தான் பேனாவை நீட்டினார். அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நான் இல்லை.

பிறகு

வீடு நின்றதே என்று படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கும் அன்று சந்தோஷம்தான். ஆனால் அது ஒருநாள் சந்தோஷம். கட்டியது வருஷக்கணக்கில். மாமி மாடியில் வெயிலைப் பார்த்துப் பார்த்து என் கண் மங்கியது. மேகம் வந்தால் பயம், வராவிட்டால் தண்ணீர்ப் பஞ்சம். இப்படிப்பட்ட வீட்டுக்கடன்களைத் தள்ளுபடி செய்யப்போகிறார்கள் என்று பிற்பாடு ஒரு பேச்சு வந்தது. அப்போது நான் கடைசித் தவணைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தேன். டீச்சரிடம் சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

பட்டயம் கைக்கு வந்தது. மேலே காங்கிரீட் வரவே இல்லை. ஷீட்டுதான்.

செல்வியை ரெக்கவரி சார் ஒன்றும் செய்யவில்லை. மாமியாரைப் பற்றிக் கேட்கவும் இல்லை. டீச்சர் அவளையும் அடுத்த அதாலத்துக்கு அழைத்துப் பார்த்தாள். ஆனால் அவள் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் சாலைக் கடைவீதியில் ஒரு வட்டிக்காரனிடம் வீட்டைக் காட்டி இன்னொரு கடனும் வாங்கியிருந்தார். அந்த ஆள் வாசலில் நின்று பேசுகிறவன் இல்லை. செருப்போடு உள்ளே ஏறுகிறவன். அடுத்த கோடையில் கிடைத்த விலைக்கு வீட்டைக் கொடுத்து இரண்டு கடனையும் அடைத்துவிட்டுக் கழக்கூட்டத்துக்குப் போனார்கள். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவருக்கு வேலை இருந்தது. அவளுக்குப் பெண்கள் ஹாஸ்டலில் சமையல். வாடகைக்கு ஒரு அறை.

போகிற அன்று சாமான் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. "எம் மாமியார நீ கூட்டிட்டுப் போயிட்டியேக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். கோபமா விளையாட்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தக் குட்டைப் போர்வையை என் கையில் திணித்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

கொஞ்ச வருஷம் கழித்து, மூட்டு மூட்டாக வலிக்கிற அந்தக் காய்ச்சல் ஊர் முழுக்க வந்தது. எனக்கும் வந்தது. பாயிலேயே கிடந்தேன். நெற்றியில் தைலம். வெளியே மழை.

வாசலில் குடை மடக்கிய சத்தம் கேட்டது. என்னையும் அறியாமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். இழுத்த இழுப்பில் முழங்கால் வலி உயிர் போயிற்று.

"எக்கா, யாருக்க வீட்டுக்குக் கெடக்க?"

செல்வி. கையில் ரொட்டிப் பொட்டலம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"நம்ம வீட்டுக்குத்தான் பிள்ளே" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் ஷீட்டைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் அவளுடைய பழைய வீட்டில் யாரோ மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு என் கால்மாட்டில் உட்கார்ந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிங்காலைப் போர்வையால் மூடிவிட்டாள்.

மூடியதும் தோள் வெளியே வந்தது. அதையும் இழுத்துப் பார்த்தாள். போர்வை அப்போதும் குட்டைதான்.